ஹெபடைடிஸ் சி குணமான பிறகு ஈரல் புற்றுநோய்: மரபணுவை நம்பி ஸ்கேனை விடுபவர்கள் செய்யும் பிழைகள்

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இலங்கையில் அரிது, வன்னியிலும் அப்படித்தான். இருந்தாலும் தலசீமியாவுக்காகப் பல ஆண்டுகள் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சிறுநீரகம் பழுதாகி இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிப்பவர்கள், வெளிநாட்டில் இருந்த காலத்தில் தொற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் என்று ஆங்காங்கே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நல்ல காலம். 1989இல்தான் இந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டது. அந்த வழியைத் திறந்த மூவருக்கு 2020இல் நோபல் பரிசு கிடைப்பதற்குள், எட்டு முதல் பன்னிரண்டு வாரம் குளிசை குடித்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் கிருமி அற்றுப்போகும் நிலை வந்துவிட்டது.

பிழைகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவன், டொக்டர் அல்ல. ஆனால் மரபணு என்ற பேச்சு வந்தாலே ஊரில் என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள். "தம்பி, கனடாவில் இருக்கும் மகள் என்னுடைய உமிழ்நீரை ஒரு குப்பியில் எடுத்து அனுப்பச் சொல்கிறாள். ஈரலில் புற்றுநோய் வருமா வராதா என்று அதில் தெரிந்துவிடுமாம். வராது என்று தெரிந்தால் பிறகு எதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு அலைய வேண்டும்?" என்று ஓர் ஐயா கேட்டார். அவர் சொன்னது, கட்டி ஏதும் தோன்றுகிறதா என்று ஈரலைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை. கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் பல பிழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கிருமி போனால் ஈரலும் பழையபடி ஆகிவிட்டது என்று நினைப்பது

இதுதான் தாய்ப்பிழை. குளிசை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து இரத்தத்தில் கிருமி இல்லையென்றால், குணமாகிவிட்டது என்று டொக்டர் சொல்வார். அவர் சொல்வது கிருமியைப் பற்றி. இருபது முப்பது ஆண்டுகள் அந்தக் கிருமி ஈரலுக்குள் செய்துவைத்த தழும்பைப் பற்றி அல்ல. தழும்பு முற்றிய நிலையைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள். அந்த நிலைக்குப் போன ஈரலில் கிருமி ஒழிந்த பிறகும் புற்றுநோய் தோன்றலாம்.

குளிசையால் ஆபத்து குறையவில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. நன்றாகவே குறைகிறது. அமெரிக்காவின் முன்னாள் படையினருடைய மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கிருமி ஒழிந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வரும் ஆபத்து சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. மிச்சமாக இருக்கும் அந்தச் சிறு பங்கில்தான் சிக்கல். சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் வந்துவிட்டவர்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒருவர் இருவர் என்ற அளவில் புற்றுநோய் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு இது சிறிய எண். பத்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு பிழை நுணுக்கமாக நுழைகிறது. படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி இருக்கிறது. வயது, இரத்தத்தட்டு எண்ணிக்கை, இரண்டு ஈரல் நொதிகள் ஆகியவற்றை வைத்துப் போடும் ஃபிப்-4 என்ற கணக்கும் இருக்கிறது. கிருமி ஒழிந்ததும் இரண்டிலும் எண் இறங்கும். உடனே, "ஈரல் மெதுமையாகிவிட்டது, சிரோசிஸ் போய்விட்டது" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே இறங்கியது அழற்சி. அழற்சி தணிந்தாலே கருவியில் இறுக்கம் குறைவாகக் காட்டும், நொதிகளும் சீராகும். தழும்பு அவ்வளவு விரைவில் கரையாது. அதனால்தான், சிகிச்சைக்கு முன்பு சிரோசிஸ் இருந்தவரை, பின்னால் எண் எவ்வளவு இறங்கினாலும், கண்காணிப்பிலிருந்து விடுவிக்க வேண்டாம் என்று வழிகாட்டல்கள் சொல்கின்றன. சிரோசிஸுக்கு ஒரு படி முன்னால் இருந்தவர்களையும் தொடர்ந்து பார்க்கச் சொல்பவை ஐரோப்பிய வழிகாட்டல்கள்.

ஆகவே உங்களிடம் இருக்க வேண்டிய மிக முக்கியமான தாள், குளிசை தொடங்குவதற்கு முன்பு எடுத்த அறிக்கைதான். "குணமானது" என்று வந்த தாளைச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக வைத்திருப்பார்கள், முந்தியதைத் தொலைத்துவிடுவார்கள். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த சனம் நாங்கள். அந்தப் பையில் இந்த ஒரு தாளுக்கும் இடம் இருக்கிறது. கிளினிக் கொப்பி நிரம்பிப் புதியது தரும்போது, பழைய கொப்பியையும் எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கிருமியின் மரபணுவையும் தன்னுடையதையும் குழப்புவது

அறிக்கையில் "ஜீனோடைப் 3" என்று இருக்கும். அதைக் காட்டி, "எனக்கு மரபணு பார்த்துவிட்டார்கள்" என்பார்கள். அது கிருமியின் வகை. தென்னாசியாவில் மூன்றாம் வகை அதிகம். அது ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும் குணமுள்ளது. புற்றுநோய் ஆபத்தும் அதில் சற்றுக் கூடுதல். தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் உங்கள் தாய் தந்தையிடமிருந்து வந்த மரபணுவைப் பற்றி அந்தத் தாள் ஒன்றும் சொல்லவில்லை.

இணையத்தில் தேடுபவர்கள் ஐஎல்28பி என்ற பெயரையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2009இல் அது பெரிய செய்தி. அப்போது சிகிச்சை என்றால் இன்டர்பெரோன் ஊசி. அது யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பதை இந்த மரபணுவுக்கு அருகிலுள்ள ஒரு வேறுபாடு முன்கூட்டியே காட்டியது. இப்போதைய குளிசை கிட்டத்தட்ட எல்லோருக்கும் பலிக்கிறது. பழைய கட்டுரையை இன்றைக்கு வைத்துக்கொண்டு தூக்கம் கெட வேண்டாம்.

மரபணுவைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

மனிதரில் ஈரல் புற்றுநோயோடு தொடர்புடைய வேறுபாடுகள் சில உறுதியாகத் தெரிந்திருக்கின்றன. அவற்றில் அதிகம் பேசப்படுவது 22ஆவது நிறமூர்த்தத்தில் உள்ள பிஎன்பிஎல்ஏ3. 2008இல் கொழுப்பு ஈரலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வெளியானது. அந்த மரபணு ஆக்கும் புரதத்தில் 148ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் அதன் விளைவைக் கேளுங்கள்: மாறிய புரதம் ஈரல் கலத்துக்குள் இருக்கும் கொழுப்புத் துளியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், அகற்றப்படாமல் அங்கேயே குவியும். கொழுப்பை உடைக்கும் வேலையைத் தானும் சரியாகச் செய்யாது; அந்த வேலைக்கென்றே இருக்கும் இன்னொரு நொதிக்குத் துணைபோகும் புரதத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வைக்கோற்போரில் படுத்த நாயின் கதைதான். கொழுப்பு தேங்குகிறது, அழற்சி வருகிறது, தழும்பு ஏறுகிறது.

இன்னொன்று டிஎம்6எஸ்எஃப்2. இது ஒரு வேடிக்கையான ஆள். இதன் மாறிய வடிவம், ஈரலிலிருந்து கொழுப்பு இரத்தத்துக்குப் போவதைக் குறைத்துவிடும். இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் அழகாக இருக்கும், இதயத்துக்கும் ஓரளவு நல்லது. கொழுப்பு முழுவதும் ஈரலில் கிடக்கும். "எனக்குக் கொலஸ்ட்ரோல் இல்லை, ஆகவே ஈரலிலும் கொழுப்பு இல்லை" என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எம்பிஓஏடி7, ஜிசிகேஆர் என்று இன்னும் சில இருக்கின்றன. ஆபத்தைக் குறைக்கும் வேறுபாடும் உண்டு: 2018இல் எச்எஸ்டி17பி13 என்ற மரபணுவில் ஒரு வேறுபாடு ஈரலைக் காக்கிறது என்று கண்டார்கள். இவற்றைச் சேர்த்துப் புள்ளி போடும் முறையும் வந்திருக்கிறது. இத்தாலியில் சிரோசிஸோடு குளிசை குடித்தவர்களில், புள்ளி கூடியவர்களுக்குப் புற்றுநோய் வந்த விகிதமும் கூடுதலாக இருந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியென்றால் எனக்கு அந்த வேறுபாடு இருந்தால் புற்றுநோய் வரும்" என்று முடிவுகட்டுவதுதான் பிழை. தென்னாசியர்களிடம் பிஎன்பிஎல்ஏ3 வேறுபாடு மிகச் சாதாரணம். பத்துப் பேரில் நான்கு பேர் அளவில் ஒரு பிரதியையாவது சுமக்கிறோம். பஸ்ஸில் உங்கள் ஆசனத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள். அவர்களில் பலருக்கு அது இருக்கும், ஈரலில் ஒரு குறையும் இருக்காது.

கணக்கை எளிதாக வைத்துக்கொள்வோம். கிருமி ஒழிந்தவர், தழும்பு இல்லாதவர் ஒருவருக்குப் புற்றுநோய் ஆபத்து ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்று என்று வையுங்கள். மரபணு அதை இரட்டிப்பாக்கினாலும் ஆயிரத்தில் இரண்டு. அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர்: மரபணுவில் எந்த வேறுபாடும் இல்லை, சிரோசிஸ் மட்டும் இருக்கிறது. அவருடைய ஆபத்து ஆயிரத்தில் பத்து முதல் இருபது. உமிழ்நீர்க் குப்பி முதலாமவரை அழவைக்கும், இரண்டாமவரைச் சிரிக்கவைக்கும். ஸ்கேன் தேவைப்படுவது இரண்டாமவருக்கு! அந்த ஐயாவிடம் நான் சொன்னதும் இதுதான். பரிசோதனை செய்யுங்கள், செய்யாமல் விடுங்கள், மகளின் விருப்பம். ஆனால் "வேறுபாடு இல்லை" என்று தாள் வந்தால் அதை வைத்து ஸ்கேனை நிறுத்தாதீர்கள்.

மரபணு எண்ணைப் பார்த்து யாருக்கு ஸ்கேன், யாருக்கு வேண்டாம் என்று பிரிக்கும் காலம் இன்னும் வரவில்லை. வரலாம். சிரோசிஸ் உள்ளவர்களுக்குள்ளேயே யாரை இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்க அது ஒருநாள் உதவலாம். என்னுடைய அபிப்பிராயத்தில் அதன் உண்மையான இடமும் அதுதான்.

ஒரு நாட்டு ஆய்வை எல்லா நாட்டுக்கும் பொருத்துவது

2017இல் யப்பானில், இன்டர்பெரோன் மூலம் கிருமி ஒழிந்தவர்களின் மரபணுத்தொகையை முழுவதுமாக ஆராய்ந்து, டிஎல்எல்1 என்ற இடத்திலுள்ள வேறுபாடு பிறகு வரும் புற்றுநோயோடு தொடர்புடையது என்று அறிவித்தார்கள். நல்ல ஆய்வு. பிறகு இத்தாலியில், குளிசையால் குணமான சிரோசிஸ் நோயாளிகளிடம் அதே வேறுபாட்டைப் பார்த்தபோது அது புற்றுநோயை முன்கூட்டிக் காட்டவில்லை. மக்கள் வேறு, சிகிச்சை வேறு, நோயின் நிலை வேறு. இரண்டில் ஒன்று பொய் என்று பொருள் அல்ல. ஓரிடத்தில் கண்டதை இன்னோரிடத்தில் சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்றுதான் பொருள்.

எங்களைப் பற்றிய தரவு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. உலக மக்களின் மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்ட ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தில், பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் சுமார் நூறு பேரின் மாதிரியும் இருக்கிறது. எந்த வேறுபாடு எங்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அதிலிருந்து அறியலாம். ஆனால் அவர்கள் நோயாளிகள் அல்லர். யாருக்குப் பிறகு புற்றுநோய் வந்தது என்பதை அந்தத் தரவு சொல்லாது. உமிழ்நீர்க் குப்பி நிறுவனங்கள் அனுப்பும் வண்ண வண்ண அறிக்கைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் ஆய்வுகளின் மேல் கட்டப்பட்டவை. அந்த எண்ணை விசுவமடுவில் இருக்கும் ஒருவருக்கு அப்படியே பொருத்தினால் கணக்கு பிசகும்.

மாற்ற முடிந்ததை விட்டுவிட்டு மாற்ற முடியாததைப் பற்றிக் கவலைப்படுவது

பிஎன்பிஎல்ஏ3 தனியாக நின்றால் அவ்வளவு ஆட்டம் போடாது. உடல் பருமனும் மதுவும் சேரும்போதுதான் அதன் கை ஓங்குகிறது. நீரிழிவு தன் பங்குக்கு ஆபத்தை இன்னும் ஏற்றிவிடும். இவை எல்லாம் உங்கள் பிடிக்குள் இருப்பவை. "பனங்கள்ளு இயற்கை, அது ஈரலை ஒன்றும் செய்யாது" என்று வாதாடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஈரலுக்குக் கள்ளு, சாராயம், கசிப்பு என்ற பாகுபாடு தெரியாது. அது பார்ப்பது மதுசாரத்தை மட்டும். சிரோசிஸ் வந்தவருக்கு அளவோடு குடிப்பது என்ற ஒன்று கிடையாது.

அடுத்தது பூஞ்சணம். இதைப் பற்றி வன்னியில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் கவலை. கச்சான், செத்தல் மிளகாய், கொப்பறா மூன்றும் சரியாகக் காயாமல் மூட்டைகட்டப்பட்டால், அவற்றில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து அப்ளாடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். ஈரல் புற்றுநோயை நேரடியாக உண்டாக்கும் பொருள்களில் அது ஒன்று. பொரித்தாலும் வறுத்தாலும் முழுவதும் போகாது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாங்கும் சுடச்சுட வறுத்த கச்சானை நான் பழிக்கவில்லை, நானும் வாங்குகிறேன். வீட்டில் மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்து, பச்சையும் கறுப்புமாகப் பூத்து, கசக்கும் கச்சானைத்தான் சொல்கிறேன். நல்லதை விற்றுவிட்டு வண்டு குத்தியதையும் சுருங்கியதையும் வீட்டுக்கு ஒதுக்கும் வழக்கம் கச்சான் செய்கிற குடும்பங்களில் இருக்கிறது. அந்த வீட்டில் ஈரல் பழுதான ஒருவர் இருந்தால் இந்த வழக்கம் அவருக்கு ஆகாது. கழித்ததைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். அவற்றின் ஈரலுக்கும் அது நஞ்சு, பாலிலும் இறங்கும்.

உயிரியல் படிப்பிப்பவன் என்ற முறையில் இதில் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். அப்ளாடொக்சின், ஈரல் கலத்திலுள்ள டிபி53 என்ற காவல் மரபணுவின் 249ஆவது இடத்தைக் குறிவைத்துக் கெடுக்கும். இந்த மாற்றம் பிறப்பில் வந்தது அல்ல. அந்தக் கலத்தில் மட்டும், வாழ்நாளில் நேர்ந்தது. உமிழ்நீர்ப் பரிசோதனை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அதில் இது தெரியவே தெரியாது.

சின்னச் சின்னப் பிழைகள் சில

குணமான பிறகு எங்காவது மறுபடி பிறபொருளெதிரிப் பரிசோதனை செய்துவிட்டு, "திரும்பவும் பொசிற்றிவ்" என்று பதறுவார்கள். அந்தப் பிறபொருளெதிரி பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இரத்தத்தில் இருக்கும். கிருமி இருக்கிறதா என்பதை ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும். அதேவேளை, ஒருமுறை வந்து மாறியதால் இனித் தொற்றாது என்று இருந்துவிடவும் கூடாது. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இல்லை, மீண்டும் தொற்றலாம்.

குளிசையே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று 2016இல் ஒரு பயம் கிளம்பியது. ஏற்கெனவே ஈரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் அது விரைவாகத் திரும்புகிறது என்று ஸ்பெயினிலிருந்து ஓர் அறிக்கை வந்ததுதான் காரணம். பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. அந்தப் பழைய செய்தி இன்னும் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதே ஆண்டில் வந்த இன்னோர் எச்சரிக்கை உண்மையானது, மறக்கக்கூடாதது: உடலில் ஹெபடைடிஸ் பி ஒளிந்திருந்தால், சி ஒழியும்போது பி தலைதூக்கலாம். ஆகவே குளிசை தொடங்கும் முன் பி பரிசோதனை கட்டாயம்.

செங்கமாரி வரவில்லையே, ஈரல் நன்றாகத்தானே இருக்கிறது என்பவர்களுக்கு: சிரோசிஸ் பல ஆண்டுகள் கண் மஞ்சளாகாமலே இருக்கும்; ஈரல் நொதிகள் சீராகவும் இருக்கும். கீழ்க்காய்நெல்லி இந்தக் கிருமியை ஒழித்ததற்கோ புற்றுநோயைத் தடுத்ததற்கோ சான்று இல்லை. சீந்தில் கொடி இன்னும் கவனிக்க வேண்டியது. கோவிட் காலத்தில் அதைத் தொடர்ந்து குடித்தவர்களிடம் ஈரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

ஸ்கேனைத் தள்ளிப்போடுவது

ஏன் ஆறு மாதம்? ஈரல் கட்டி ஒன்று இரட்டிப்பாகப் பெரும்பாலும் சில மாதங்கள் எடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால், இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள் இருக்கும்போதே பிடிக்கலாம். அந்த அளவில் வெட்டியோ சுட்டோ முழுவதுமாக அகற்ற வழி இருக்கிறது. ஒருமுறை தவறினால் இடைவெளி ஒரு வருடமாகிவிடும். ஏஎஃப்பி என்ற இரத்தப் பரிசோதனை மட்டும் போதும் என்று சிலர் ஸ்கேனை விடுகிறார்கள். ஆரம்பக் கட்டிகள் பலவற்றில் ஏஎஃப்பி ஏறுவதே இல்லை. அது ஸ்கேனுக்குத் துணை, மாற்று அல்ல.

வன்னியில் ஸ்கேன் தவறுவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல, அறுவடையால். இயந்திரம் வயலுக்கு வரும் நாளும் கிளினிக் நாளும் ஒன்றாக விழுந்தால் கிளினிக்தான் தோற்கும். அதனால் திகதியைப் போகத்தோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்: காலபோக நெல் வீட்டுக்கு வந்த பிறகு மார்ச்சில் ஒன்று, சிறுபோகம் முடிந்து செப்டெம்பரில் ஒன்று. சிறுபோகம் செய்யாதவர்களும் இதே இரண்டு மாதங்களைப் பிடித்துக்கொள்ளலாம்.

போகும்போது பழைய ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், அது முன்பும் இருந்ததா என்பதுதான் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி. ஆறு மணித்தியாலமாவது சாப்பிடாமல் போக வேண்டும், இல்லாவிட்டால் பித்தப்பை சுருங்கி, வாயு மறைத்து, படம் தெளிவாக வராது. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ முதல் பஸ்ஸில் வருபவர்கள் வீட்டில் தேநீரும் குடிக்காமல் ஏறுங்கள். சாப்பாட்டுப் பார்சலைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்கேன் முடிந்ததும் பிரித்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு ஊசி போடுபவர்கள், அன்று காலை ஊசியை என்ன செய்வது என்று அதற்கு முந்திய கிளினிக்கிலேயே கேட்டுக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும்.